35,000 ரூபாய்க்குள் வீட்டு லேப்டாப்: புதுசா, கம்பெனி கழித்துவிட்டதா?

பொங்கல் முடிந்து மூன்றாம் நாள் கோவில்பட்டியிலிருந்து அக்கா போன் செய்தாள். "தம்பி, பழைய லேப்டாப்பு ஆன் ஆகறதுக்குள்ள அடுப்புல பால் பொங்கிருது. புதுசு ஒண்ணு வாங்கணும். அத்தான் முப்பத்தஞ்சாயிரத்துக்கு மேல ஒத்த ரூபா கிடையாதுங்காரு. நீதான் பாத்துச் சொல்லணும்." குடும்பத்தில் ஒருவனுக்குக் கணினி கொஞ்சம் தெரியும் என்று பெயர் வந்துவிட்டால் போதும், இந்தப் பொறுப்பு தானாக வந்து தோளில் உட்கார்ந்துகொள்ளும்.

யார் யாருக்கு என்று கேட்டேன். மூன்று பேருக்கு. மகள் பி.காம். முதலாண்டு, அசைன்மென்ட், பவர்பாயின்ட், எக்செல், எப்போதாவது ஆன்லைன் வகுப்பு. அத்தானுக்குப் பெயின்ட், பைப், ஆணி விற்கிற கடை. பகலில் நோட்டில் குறித்ததை ராத்திரி வீட்டில் உட்கார்ந்து டேலி என்ற கணக்கு மென்பொருளில் ஏற்ற வேண்டும், மாதாமாதம் ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். "எனக்கு யூடியூப் ஓடுனா போதும்" என்றாள் அக்கா.

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கம்பெனிகள் கழித்துவிடும் பழைய பிசினஸ் லேப்டாப்கள் இருக்கின்றனவே, நான் அந்தக் கட்சி. இதைத் தட்டிக்கொண்டிருப்பதுகூட நான்கு வருஷத்துக்கு முன் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் வாங்கிய ஒரு டெல் லேட்டிட்யூட் 7490இல்தான். அக்கா போனை வைப்பதற்குள் மனசுக்குள் தீர்ப்பு எழுதிவிட்டேன். அது பத்து நாள்கூடத் தாங்கவில்லை.

இந்த விலையில் எல்லா வகையிலும் நல்ல லேப்டாப் என்று ஒன்று கிடையாது. எங்கேயாவது கத்தரி விழுந்திருக்கும். திரையில், ரேமில், ஸ்டோரேஜில், பேட்டரியில், மூடியைத் தாங்கும் கீலான ஹிஞ்சில். பழசு என்றால் வயதில். கத்தரி விழாத இடத்தைத்தான் அட்டைப்பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். விழுந்த இடத்தை நாம்தான் தேடிப்பிடித்து, அது நம் வீட்டுக்குப் பரவாயில்லையா என்று பார்க்க வேண்டும்.

சீக்கிரம் கழிந்தவை

ஆன்லைனில் விலை குறைந்ததிலிருந்து அடுக்கினால் முதலில் வந்து நிற்பது செலரான் என்4020, 4 ஜிபி ரேம், 64 அல்லது 128 ஜிபி இஎம்எம்சி ஸ்டோரேஜ் என்ற வகை. பார்க்கப் பளபளப்பாக இருக்கும். என்4020 என்பது 2019இல் வந்த, இரண்டே கோர் (கணக்குப் போடும் மூளை) உள்ள சிப். இஎம்எம்சி என்பது போனில் இருப்பதுபோல மதர்போர்டிலேயே ஒட்டிய நினைவகம். நிறைந்துபோனால் கழற்றி மாற்ற முடியாது. விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் குறைந்தபட்சத் தகுதி 4 ஜிபி ரேமும் 64 ஜிபி இடமும். அது வாசலில் உள்ளே விடுவதற்கான தகுதி. உட்கார நாற்காலி கிடைக்கும் என்று அர்த்தமில்லை. ஆறு மாதத்தில் அப்டேட் இறங்க இடமில்லாமல் மெஷின் திணறும். 2023இல் 16,499 ரூபாய்க்கு வந்த ஜியோபுக்கும் கிட்டத்தட்ட இந்த அளவுதான்: 4 ஜிபி, 64 ஜிபி, மீடியாடெக் சிப். அது விண்டோஸே இல்லை, தன் சொந்த ஜியோ ஓஎஸ்ஸில் ஓடும். ஆறாம் வகுப்புப் பிள்ளை பாடம் பார்க்க வாங்கினால் சரி. டேலிக்கு ஆகாது.

இங்கே ஒரு சின்ன நியாயம் சொல்ல வேண்டும். செலரான், பென்டியம் என்ற பெயர்களை இன்டெல் 2023இல் கைவிட்டுவிட்டது. அந்த இடத்துக்கு வந்த என்100, என்200 போன்றவற்றையும் "அதே செலரான்தான்" என்று கடைக்காரர்கள் தள்ளிவிடுகிறார்கள். அது தப்பு. என்100இல் நான்கு கோர் உண்டு; வீட்டு வேலையில் எட்டாம் தலைமுறை ஐ5க்குப் பெரிதாகப் பின்தங்காது. 8 ஜிபி ரேமும், இஎம்எம்சி அல்லாத நிஜமான எஸ்எஸ்டி ஸ்டோரேஜும் சேர்ந்து 25,000 ரூபாய் பக்கம் கிடைத்தால், ஒரே ஒருவர் உபயோகிக்கும் வீட்டுக்கு நான் தலையாட்டுவேன். மூன்று பேருக்குக் கொஞ்சம் இறுக்கம்.

கூகுளின் குரோம் ஓஎஸ்ஸில் ஓடும் குரோம்புக்கைப் பற்றி இரண்டு மனசு. 2021இலிருந்து வந்த மாடல்களுக்கு கூகுள் பத்து வருஷம் அப்டேட் தருகிறது; 35,000 ரூபாய் விண்டோஸ் மெஷினுக்கு அப்படி ஒரு வாக்குறுதியை யாரும் தரமாட்டார்கள். வைரஸ் தொல்லை குறைவு, கண் மூடித் திறப்பதற்குள் ஆன் ஆகிவிடும், தமிழ்99 விசைப்பலகைகூட உள்ளேயே இருக்கிறது. 2023 அக்டோபரிலிருந்து எச்பி குரோம்புக்குகளை நம்ம ஸ்ரீபெரும்புதூர் பக்கம்தான் செய்கிறார்கள். அக்கா ஒருத்திக்கு மட்டும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக் கொடுத்திருப்பேன். ஆனால் டேலி அதில் ஓடாது. பேச்சு அதோடு முடிந்தது.

மேஜையை விட்டு நகராத கணினி போதும் என்பவர்கள், கம்பெனிகள் கழித்துவிடும் குட்டி டெஸ்க்டாப்களைப் பார்க்கலாம். காசுக்கு அதைவிட லாபம் எதுவும் இல்லை. அக்கா தெருவில் கரண்ட் போகிற அழகுக்கு யுபிஎஸ் ஒன்றும் சேர்த்து வாங்க வேண்டும். மானிட்டர், கேமரா, ஸ்பீக்கர் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தால் மிச்சம் பிடித்தது போய்விடும்.

ஆக, களத்தில் நின்றது இரண்டு: 33,000 முதல் 38,000 வரை புதுசு, 20,000 ரூபாய்க்கு ரீஃபர்பிஷ்டு என்ற பெயரில் பழைய பிசினஸ் லேப்டாப்.

புதுசு: பெயரில் நடக்கும் விளையாட்டு

புதிய லேப்டாப்பில் முதல் குழப்பம் சிப்பின் பெயர். இன்டெல் பக்கம் ஐ3-1215யூ, அடுத்த வருஷத்து ஐ3-1315யூ, அதற்கடுத்து வந்த கோர் 3 100யூ. மூன்றும் ஏறத்தாழ ஒரே அமைப்பு. இரண்டு பெரிய கோர், நான்கு சின்ன கோர். வேகத்தில் சிறு வித்தியாசம் உண்டு, டேலி திறக்கும்போது உங்களுக்கு அது தெரியாது. பெயர் புதுசு என்பதற்காக 3,000, 4,000 கூடுதலாகக் கேட்டால் கொடுக்காதீர்கள். பழைய பெயரில் இருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.

ஏஎம்டி பக்கம் ஒரு சூட்சுமம். ரைசன் 7000 வரிசையில் நான்கு இலக்கத்தில் மூன்றாவதைப் பாருங்கள். அதுதான் உள்ளே இருக்கும் வடிவமைப்பின் வயது. ரைசன் 3 7320யூ, ரைசன் 5 7520யூ இரண்டிலும் மூன்றாவது இலக்கம் 2. அதாவது ஜென் 2, 2019இல் முதலில் வந்த வடிவமைப்பு. "5" என்று போட்டிருக்கிறதே என்று 7520யூவுக்கு அதிகம் கொடுப்பவர்கள் உண்டு. இரண்டுக்கும் அதே நான்கு கோர்தான். 7530யூவில் மூன்றாவது இலக்கம் 3. ஆறு கோர், ஜென் 3. அது வேறு ஜாதி. விலை இறங்கி அகப்பட்டால் விடாதீர்கள்.

7320யூ, 7520யூ மோசம் என்று சொல்ல வரவில்லை. வீட்டு வேலைக்குத் தாராளமாகப் போதும், சூடும் அவ்வளவாக ஆகாது. கத்தரி வேறு இடத்தில் விழுந்திருக்கிறது. இந்தச் சிப்கள் ஏற்பது எல்பிடிடிஆர்5 ரேம் மட்டும். அதை மதர்போர்டில் ஈயம் வைத்து ஒட்டித்தான் தர முடியும். 8 ஜிபி வாங்கினால் அந்த மெஷின் சாகும்வரை 8 ஜிபிதான். அதிலும் திரைக்கென்று ஒரு பங்கை முதலிலேயே எடுத்துக்கொள்ளும். விண்டோஸ் 11 சும்மா உட்கார்ந்திருக்கவே மூன்று, நாலு ஜிபி கேட்கிறது. அத்தான் டேலியைத் திறந்து, ஜிஎஸ்டி தளத்தைத் திறந்து, பக்கத்தில் வாட்ஸ்அப் வெப்பையும் வைத்துக்கொண்டால் 8 ஜிபி இன்றைக்குச் சரியாக இருக்கும். நான்கு வருஷம் கழித்து?

முன்பெல்லாம் இதற்கு என்னிடம் ரெடிமேடாக ஒரு பதில் இருந்தது: "இப்போ 8 வாங்குங்க, அப்புறம் இன்னொரு 8 போட்டுக்கலாம், பெரிய காசு இல்லை." அந்தப் பதில் காலாவதியாகிவிட்டது. ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி போய்க்கொண்டிருப்பதால் 2025இன் கடைசியில் ரேம் விலை தறிகெட்டு ஏறியது. மைக்ரான் நிறுவனம் தன் க்ரூசியல் ரேம், எஸ்எஸ்டி வியாபாரத்தையே மூடப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. சாதாரண ஜனங்களுக்கு விற்பதைவிட டேட்டா சென்டருக்கு விற்பது லாபம். ஆனாலும் காலி ஸ்லாட் ஒன்று இருப்பது நல்லது. விலை இறங்கும் காலத்தில் கதவு திறந்திருக்கும். ஐ3-1215யூ மெஷின்கள் பலவற்றில் 8 ஜிபி ஒட்டியிருக்கும், கூடவே ஒரு ஸ்லாட் காலியாக இருக்கும். எல்லாவற்றிலும் இல்லை. மாடல் எண்ணை முழுசாகக் குறித்துக்கொண்டு, தயாரிப்பாளரின் தளத்திலேயே பார்த்துவிடுவது உத்தமம். கடைப் பையனிடம் கேட்டால் "எல்லாத்துலயும் போடலாம் சார்" என்பான்.

அடுத்தது திரை. இந்த விலையில் பெரும்பாலும் 250 நிட்ஸ் வெளிச்சம், 45 சதவீத என்டிஎஸ்சி (நிறங்களைக் காட்டும் அளவு) என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும். நிறம் சற்று வெளுத்துத் தெரியும், ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் முகம்தான் தெரியும். இதில் ஐபிஎஸ், டிஎன் என்று இரண்டு உண்டு. சோதிப்பது சுலபம்: மூடியைப் பின்னால் சாய்த்துப் பாருங்கள், நிறம் நெகட்டிவ் மாதிரி புரண்டால் டிஎன். மூன்று பேர் சோபாவில் உட்கார்ந்து படம் பார்க்கிற வீட்டில் டிஎன் திரை வாங்கினால் நடுவில் உட்காரச் சண்டை வரும்.

பழசு: ரிச்சி தெருவில் ஒரு மத்தியானம்

இப்போது என் கட்சி. ஐடி கம்பெனிகள் லேப்டாப்பை மூன்று, நான்கு வருஷம் ஓட்டிவிட்டு மொத்தமாகக் கழித்துவிடும். லாட் லாட்டாக ஏலத்தில் எடுப்பவர்கள் துடைத்து, எஸ்எஸ்டி மாற்றி, ஏ கிரேடு, பி கிரேடு என்று பிரித்து விற்கிறார்கள். திங்க்பேட் டி480, லேட்டிட்யூட் 7490, எச்பி எலைட்புக் 840 ஜி5 மூன்றும் இந்தச் சந்தையின் ராஜாக்கள். புதுசில் பெரிய விலைக்கு விற்றவை. உடம்பு கெட்டி, கீபோர்டு தட்டத் தட்ட இதமாக இருக்கும், மூன்றிலுமே இரண்டு ரேம் ஸ்லாட். டி480இல் உள்ளே ஒரு பேட்டரி, வெளியே கழற்றி மாட்டுகிற பேட்டரி இன்னொன்று. விண்டோஸ் புரோ லைசென்ஸ் மதர்போர்டிலேயே பதிந்து வந்திருக்கும். திருட்டு விண்டோஸ் பற்றிய கவலை இல்லை.

கத்தரி விழுந்திருப்பது வயதில். இவற்றில் இருக்கும் எட்டாம் தலைமுறை ஐ5 2017இல் வந்தது. "ஐ3ஐ விட ஐ5 பெரியது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். புதிய ஐ3-1215யூ இந்த ஐ5ஐத் தெளிவாக முந்திவிடும். பெயரைவிடத் தலைமுறைதான் முக்கியம். விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்கும் இன்டெல் சிப் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. விண்டோஸ் 10க்கு இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. ஆறாம், ஏழாம் தலைமுறை மெஷின்கள் 10,000, 12,000 ரூபாய்க்குக் குவிந்து கிடப்பதன் ரகசியம் இதுதான். அவற்றில் குறுக்கு வழியில் விண்டோஸ் 11 ஏற்றி விற்கிறார்கள். பெரிய அப்டேட் வரும்போது படுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. ஐ5-க்குப் பிறகு வரும் எண் 6இலோ 7இலோ ஆரம்பித்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். 8இல் ஆரம்பித்தால் வாங்கலாம். ஆனால் நீங்கள் வரிசையின் கடைசி ஆள் என்பதை மறக்க வேண்டாம். மைக்ரோசாஃப்ட் அடுத்த முறை கோடு கிழிக்கும்போது முதலில் வெளியே போவது நீங்கள்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி ரிச்சி தெருவுக்கு நடந்தேன். முதல் கடையில் டி480, 16 ஜிபி, 256 ஜிபி எஸ்எஸ்டி, 19,500 ரூபாய். ரேம் விற்கிற விலைக்கு அந்த 16 ஜிபியே பாதிக் காசு பெறும். கீபோர்டைத் தடவிப் பார்த்தேன். ஒவ்வொரு எழுத்தின் மேலும் மெல்லிய ஸ்டிக்கர். ஒன்றின் ஓரத்தை நகத்தால் நெம்பினேன். மேலே ஒய், அடியில் இசட். ஜெர்மன் கீபோர்டு. ஐரோப்பாவிலிருந்து கன்டெய்னரில் வந்த சரக்கு. என்டர் பட்டனும் வேறு வடிவம். ஸ்டிக்கர் ஆறு மாதத்தில் உரியும், அப்புறம் அத்தான் "எழுத்தைக் காணோம்" என்று எனக்குத்தான் போன் போடுவார்.

இரண்டாவது கடையில் எலைட்புக். சுத்தமான ஆங்கிலக் கீபோர்டு, கீறல்கூட இல்லை. ரீசெட் செய்து காட்டச் சொன்னேன். விண்டோஸ் திரும்ப எழுந்ததும் என் போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்தேன். அரை நிமிஷத்தில் ஏதோ ஒரு கம்பெனியின் லோகோவோடு "உங்கள் அலுவலக மின்னஞ்சலைத் தாருங்கள்" என்று பக்கம் வந்தது. கடைப் பையன் சலனமே இல்லாமல், "நெட்டு கனெக்ட் பண்ணாம செட்டப் பண்ணிக்கலாம் சார், ஒண்ணும் ஆகாது" என்றான். ஆகும். ஆட்டோபைலட் என்ற முறையில் அந்த மெஷினின் அடையாளம் பழைய கம்பெனியின் பெயரில் மைக்ரோசாஃப்டிடம் பதிவாகியிருக்கிறது. அந்தக் கம்பெனி விடுவிக்காதவரை ஒவ்வொரு ரீசெட்டிலும் இந்தப் பக்கம் திரும்ப வரும். வாங்குமுன் ரீசெட் செய்து, இன்டர்நெட்டில் இணைத்துப் பார்க்காமல் பழைய பிசினஸ் லேப்டாப் எதையும் வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. விண்டோஸுக்கு முன்பே ஓடும் பயாஸ் என்ற அடிப்படை மென்பொருளுக்குப் பாஸ்வேர்டு இருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிட வேண்டும்.

மூன்றாவது கடைக்காரர் கொஞ்சம் நிதானமானவர். இன்னொரு டி480ஐ எடுத்து வைத்துவிட்டு, "என்ன வேணுமோ டெஸ்ட் பண்ணிக்குங்க" என்று டீ குடிக்கப் போய்விட்டார். விண்டோஸிலேயே பேட்டரி ரிப்போர்ட் எடுக்கலாம், தனி மென்பொருள் எதுவும் வேண்டாம். அதில் டிசைன் கெப்பாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி என்று இரண்டு எண் இருக்கும். உள் பேட்டரியில் முதலாவது 24,000 பக்கம், இரண்டாவது 14,000 பக்கம். பாதிக்குச் சற்று மேல் உயிர். எஸ்எஸ்டி எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்பதை கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் சொல்லிவிடும். அது நன்றாகவே இருந்தது. திரை ஐபிஎஸ். கீபோர்டு அசல். 20,000 ரூபாய், ஆறு மாத வாரன்ட்டி. எனக்கென்றால் அந்த நிமிஷமே எடுத்திருப்பேன்.

"ரிப்பேர்னா எங்க கொண்டு வரணும்?" என்று கேட்டேன். "இங்கதான் சார், வேற எங்க?"

தீர்ப்பு மாறிய இடம்

மெட்ரோவில் திரும்பி வரும்போது அந்த "இங்கதான்" காதிலேயே நின்றது. கோவில்பட்டிக்கும் ரிச்சி தெருவுக்கும் நடுவில் நெல்லை எக்ஸ்பிரஸில் முழு ராத்திரி. ஹிஞ்ச் தளர்ந்தாலும் சரி, சார்ஜிங் போர்ட் போனாலும் சரி, யார் தூக்கிக்கொண்டு வருவது? கூரியரில் அனுப்பி, கடைக்காரர் பார்த்து, திரும்ப வர இரண்டு வாரம். அதற்குள் ஜிஎஸ்டி தேதி தாண்டினால் அத்தான் கட்டுவது தாமதக் கட்டணம். என் லேட்டிட்யூடுக்கு நான்கு வருஷத்தில் இரண்டு தடவை வைத்தியம் பார்த்தேன். இரண்டு தடவையும் மெட்ரோ ஏறி மத்தியானம் போய் சாயங்காலம் திரும்பினேன். பழசு எனக்கு மலிவாக இருந்ததில் அந்த மெட்ரோவுக்கும் பங்கு உண்டு. இத்தனை நாள் அதை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

புதுசுக்கு ஒரு வருஷம் ஆன்சைட் வாரன்ட்டி. ஆள் வீட்டுக்கே வருவார். சொன்ன அன்றே வருவார் என்று நம்பச் சொல்லவில்லை, ஆனால் வருவார். வாங்குமுன் உங்கள் பின்கோடுக்கு ஆன்சைட் உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். சில மாடலில் "கேரி இன்" என்று இருக்கும். அதன் அர்த்தம், நீங்கள்தான் சர்வீஸ் சென்டருக்குச் சுமக்க வேண்டும்.

இரண்டாவது விஷயம் அத்தானின் விரல்கள். முப்பது வருஷமாகக் கால்குலேட்டர் தட்டிய கை. டேலியில் எண்களை வலது கையால் மட்டும் பார்க்காமலே அடிப்பார். 15.6 அங்குலப் புது மெஷின்கள் பெரும்பாலானவற்றில் வலப்பக்கம் எண்களுக்குத் தனிக் கட்டம் உண்டு. 14 அங்குல டி480இலும் அதன் சகாக்களிலும் கிடையாது. சில நூறு ரூபாய்க்கு யுஎஸ்பியில் தனியாக வாங்கி மாட்டலாம்தான். ஆனால் அது தொலையும், யாராவது விளையாட எடுத்துப் போவார்கள், அப்புறம் எனக்குப் போன்.

மூன்றாவதை அவருடைய ஆடிட்டர் சொன்னார். லேப்டாப்புக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அத்தான் காம்போசிஷன் திட்டத்தில் (சிறு வியாபாரிகளுக்கான எளிய முறை) இல்லை, சாதாரண முறையில் வரி கட்டுபவர். கடையின் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்துப் பில் வாங்கினால், கடை உபயோகத்துக்கான வரியைத் திரும்ப வரவு வைத்துக்கொள்ளலாம். 36,000 ரூபாய் மெஷினில் ஏறத்தாழ 5,490 ரூபாய் வரி. "முழுசும் எடுத்தா தப்பு, பாப்பாவும் படிக்கிறா இல்ல, பாதி எடுத்துக்குங்க" என்றாராம் ஆடிட்டர். பாதி என்றால் 2,745. நிகர விலை 33,255. அத்தான் கிழித்த கோட்டுக்குள் வந்துவிட்டது. பழைய சரக்கு விற்பவர்களில் பலர் தங்கள் லாபத்தின் மேல் மட்டும் வரி கட்டும் முறையில் விற்பார்கள்; அந்தப் பில்லில் வரி தனியாக இருக்காது, வரவும் வைக்க முடியாது. கடை வைத்திருப்பவர்கள் இதை முதலிலேயே ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. சம்பளக்காரர்களுக்கு இந்தப் பேச்சே இல்லை.

கடைசியில் வாங்கியது ஐ3-1215யூ, ஒட்டிய 8 ஜிபி, ஒரு காலி ஸ்லாட், 512 ஜிபி எஸ்எஸ்டி, கூடவே எம்எஸ் ஆபீஸ். கத்தரி விழுந்தது திரையிலும் உடம்பிலும். திரை சுமார்தான், போட்டோ எடிட்டிங் செய்பவர் யாரும் அந்த வீட்டில் இல்லை. உடம்பு முழுக்க பிளாஸ்டிக். விலை குறைந்த லேப்டாப்களில் முதலில் சாவது பெரும்பாலும் ஹிஞ்ச். ஒரு மூலையைப் பிடித்துத் திறந்து திறந்து, ஸ்க்ரூ மாட்டியிருக்கும் பிளாஸ்டிக் குமிழ் உடைந்துவிடும். நடுவில் பிடித்துத் திற என்று அக்கா மகளுக்கு வீடியோ காலில் இரண்டு தடவை காட்டினேன். "சரி மாமா" என்றாள். மூலையில் பிடித்துத்தான் திறக்கிறாள்.

அதே வாரம் பெரம்பூரில் இருக்கும் நண்பன் இதே கேள்வியோடு வந்தான். இரண்டு பேர், டேலி இல்லை, ரிச்சி தெரு இருபது நிமிஷ தூரம். அந்த மூன்றாவது கடையின் டி480 அவன் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. மிச்சம் பிடித்த 15,000 ரூபாயில் வாஷிங் மெஷின் வாங்கிவிட்டான்.

மாசியில் ஊருக்குப் போனபோது அக்காவின் பழைய லேப்டாப் டிவி ஸ்டாண்டுக்கு அடியில் துணி சுற்றிக் கிடந்தது. 2015இல் வாங்கியது, ஐந்தாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம், சுழலும் ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 11 ஏறாது. பின்மூடியில் பத்து ஸ்க்ரூ. திறந்து ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, என்னிடம் உபரியாகக் கிடந்த 256 ஜிபி எஸ்எஸ்டியை மாட்டினேன். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் 22இன் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பை ஏற்றினேன். காசு கிடையாது, 2029வரை அப்டேட் வரும். கீழே இடது மூலையில் மெனு, நடுவில் பெரிதாக யூடியூப் ஐகான். பட்டனை அழுத்தினால் அரை நிமிஷத்துக்குள் தயார்.

அக்கா அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்து ஆன் செய்தாள். பால் பொங்குவதற்கு முன்பே பாட்டு வந்துவிட்டது.

"விண்டோஸ் புதுசா போட்டுட்டியாடா?" என்றாள்.

"ஆமாக்கா" என்றேன்.